பேரன் கேட்ட கேள்வி

கேள்வி: என் மகள் மெல்பர்னில் செவிலியராகப் பணிபுரிகிறாள். பேரன் அங்கேயே பிறந்தவன், எட்டு வயது. பள்ளியில் உடன் படிக்கும் பையன் ஒருவன் அவனைக் ‘குடியேறி’ என்று சொன்னானாம். “நான் அப்படியா தாத்தா?” என்று தொலைபேசியில் கேட்கிறான். அந்தப் பையனின் முன்னோரும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள்தானே? வந்து குடியேறியவர்களே அமைத்த நாட்டில் யாரைக் குடியேறி என்பது?
– வாசகர், தக்கலை

பதில்: உங்கள் பேரன் குடியேறி அல்லன், அதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். வேறு நாட்டில் பிறந்து அங்கே போய்த் தங்கியவர் உங்கள் மகள். அவன் அந்த மண்ணில் பிறந்தவன். ஆஸ்திரேலியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் வாழ்வோரில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்தக் கணக்கெடுப்பில் அவர்களில் முதலிடம் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு. இந்தியாவில் பிறந்தவர்கள் அவர்களுக்கு அடுத்துதான் வந்தார்கள். இருந்தும், இங்கிலாந்திலிருந்து வந்தவரைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் எளிதில் சொல்வதில்லை என்றால், அது பிறந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் சொல்லன்று.

1788 ஜனவரி 26 அன்று ஆர்தர் பிலிப்பின் தலைமையில் சிட்னியில் இறங்கியவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவந்த பூர்வகுடிகளிடம் அனுமதி கேட்கவில்லை. தங்கள் அரசரின் சட்டத்தைக் கையோடு கொண்டுபோய், அதையே அந்த நிலத்தின் சட்டம் ஆக்கினார்கள். அது யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற கொள்கையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992-இல்தான் தள்ளியது. உங்கள் மகளோ விசாவுக்கு விண்ணப்பித்து, காத்திருந்து, அங்கிருந்த சட்டத்துக்கு உட்பட்டுப் போனவர். இந்த இருவரையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வருகிறவர்களைத் தடுக்கும் சட்டத்தையும் முன்னால் வந்தவர்களே எழுதினார்கள். 1901-இல் வந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதிகாரி தாம் விரும்பிய ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்ல, வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ந்தவரையும் அவருக்குத் தெரியாத மொழியில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. சிற்சில மாற்றங்களோடு இத்தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்றே 1949-இல்தான் வந்தது. அதற்கு முன் அந்தப் பையனின் குடும்பத்தார் அங்கே இருந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே இருந்திருப்பார்கள்.

இது நம் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு விளங்காத செய்தியன்று. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியபோது, நம் பெற்றோர் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமலேயே மாநிலம் மாறினார்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் காணி மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அந்த மலைச்சரிவுகளில் ரப்பர் போடப் போன கீழ்நாட்டார் யாரும் தம்மைக் குடியேறி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிழைக்க வந்த வெளியூர்க்காரரை ‘வரத்தன்’ என்று சொல்ல நமக்குச் சற்றும் நாக்கு கூசுவதில்லை. பேரனுக்காக வருந்துகிற நாம் இதற்கும் வருந்த வேண்டும்.

மெல்பர்ன் நகரம் நிற்பது குலின் என்ற பூர்வகுடி இனத்தாரின் நிலத்தில். அங்கே பள்ளி விழாக்களைத் தொடங்கும்போது அந்நிலத்துக்கு உரிய மக்களின் பெயரைச் சொல்லி மரியாதை செலுத்துவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அடுத்த முறை பேசும்போது, தன் பள்ளியில் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று பேரனிடம் கேளுங்கள். அந்தப் பையனும் அதே வரிசையில் நின்று அந்தப் பெயரைக் கேட்டிருப்பான்.