இரண்டு த்ரெட்கள், ஒரு கட்டம்

கேள்வி: பூஜ்யத்தில் தொடங்கும் ஒரே மாறியில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனிச் செயல்தொடர்கள்) தலா 1 கூட்டும் நிரல் எழுதினேன். விடை 2 வர வேண்டும். எப்போதாவது 1 வருகிறது. இடையிடையே அச்சிட்டுப் பார்த்தால் பிழை வருவதே இல்லை. படம் வரைந்து பார் என்கிறார் ஆசிரியர். படத்தில் புதிதாக என்ன தெரிந்துவிடும்?
– பொறியியல் கல்லூரி மாணவி

பதில்: அச்சிடும் கட்டளையும் நேரம் எடுத்துக்கொள்வதால், த்ரெட்கள் மாறி மாறி ஓடும் வரிசை கலைந்து பிழை ஒளிந்துகொள்கிறது, நீங்கிவிடவில்லை.

மதிப்பைப் படித்தல், 1 கூட்டுதல், திரும்ப எழுதுதல் என்ற மூன்று படிகளை முதல் த்ரெட்டுக்குக் கிடைக்கோட்டிலும் இரண்டாவதற்குச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துக் கட்டம் போடுங்கள். நிரலின் ஒவ்வொரு ஓட்டமும் இடது கீழ் மூலையில் கிளம்பி வலது மேல் மூலையை அடையும் ஒரு பாதை; காலம் பின்னோக்கிப் போகாது என்பதால், அது வலப்புறமோ மேலேயோ மட்டுமே நகரும். அப்படி 20 பாதைகள் உண்டு. சரியான விடையைத் தருபவை கட்டத்தின் ஓரங்களை ஒட்டிச் செல்லும் இரண்டே பாதைகள். மற்ற 18-இலும் ஒரு த்ரெட் எழுதி முடிக்குமுன்பே மற்றது பழைய மதிப்பைப் படித்துவிடுகிறது. லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டால் நடுப்பகுதி நுழையக் கூடாத செவ்வகமாகி, அந்த 18-உம் அடைபடுகின்றன.

இந்தப் படத்தின் அருமை இரண்டு லாக்குகள் வரும்போதுதான் முழுமையாகப் புரியும். ஒரு த்ரெட் 'அ' லாக்கை வைத்துக்கொண்டே 'ஆ'வையும், மற்றது 'ஆ'வை வைத்துக்கொண்டே 'அ'வையும் பிடிக்க முயன்றால், லாக்குக்கு ஒன்றாக வரும் இரு செவ்வகங்களும் கூட்டல் குறிபோலக் குறுக்கிடுகின்றன. அதன் இடது கீழ் உள்மூலையைப் பாருங்கள்: அங்கே நுழைந்த பாதைக்கு வலப்புறமும் அடைப்பு, மேலேயும் அடைப்பு. இரு த்ரெட்களும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் டெட்லாக் என்பது அந்த மூலைதான். இரண்டுமே 'அ'வை முதலில் பிடிப்பதாக மாற்றி வரைந்தால், ஒரு செவ்வகம் மற்றதன் உள்ளே அடங்கி, அந்த மூலையே இல்லாமல் போகிறது. லாக்குகளை எப்போதும் ஒரே வரிசையில் பிடிக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த முன்னேற்ற வரைபடம், மூன்று த்ரெட்களுக்கு முப்பரிமாணமாகிவிடும். அதற்கு மேல் தாளில் அடங்காது. பெரிய நிரல்களுக்கு, கோ (Go) நிரல் மொழியின் 1.5 பதிப்போடு 2015-இல் வந்த டிரேஸ் கருவி போன்றவை, எந்த வேலை எப்போது ஓடியது, எதற்காகக் காத்திருந்தது என்பதைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டுகின்றன. ஆயினும் அவை காட்டுவது நடந்து முடிந்த ஒரே பாதையை. நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அறியக் கருவியைத் திறங்கள். பிழை நேரக்கூடுமா என்று அறிய, பொது மாறியைத் தொடும் அந்த நாலைந்து வரிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கட்டத்தில் வரையுங்கள்.