மகன் வரும்வரை பசியோடு இருக்கும் அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 54. ஆறேழு மாதமாகச் சாப்பிட்டது செரிப்பதில்லை. வயிறு உப்பிக்கொள்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு எரிந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு, வெந்நீரில் எலுமிச்சை எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். மெடிக்கலில் கேட்டு கேஸ் மாத்திரையும் போடுகிறேன். கணவருக்குச் சர்க்கரை, அவருக்கு ஏழரைக்கே சாப்பாடு கொடுத்துவிடுவேன். மகனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். வர 11 மணி ஆகும். அவன் வந்ததும் நானும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாண வேலை தொடங்குவதற்குள் உடம்பு சரியாக வேண்டும். நல்ல நாட்டு மருந்தாகச் சொல்லுங்கள்.
— வாசகி, கரூர்

பதில்: நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி சீரகமும் ஓமமும்தான். இடம் இல்லாததால் அவற்றைச் சுருக்கியிருக்கிறோம். ஆனால் மகன் வந்த பிறகு 11 மணிக்குச் சாப்பிடுவதை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சோறு, குழம்பு, பொரியல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டால் இரைப்பை காலியாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் பதினொன்றரைக்குப் படுக்கிறீர்கள். மூன்று மணிக்கு நெஞ்சு எரிகிறது. கணக்கு சரியாக இருக்கிறதா? உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது அமிலம் கீழேயே கிடக்கும். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அந்தத் தசையைத் தாண்டி மேலே ஏறுகிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடும், ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்காது. இதைச் செய்துகொண்டே காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடிப்பது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற வேலை.

கணவருக்கு ஏழரை மணி என்று டாக்டர் சொன்னார், நிமிடம் தவறாமல் தட்டு வைக்கிறீர்கள். அதே அடுப்படியில் அதே சோறு சூடாக இருக்கிறது. உங்களுக்கும் அப்போது பசித்திருக்கும். அந்தப் பசியை டீயும் முறுக்கும் வைத்து அடக்கியிருப்பீர்கள். எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும், இப்படிக் கடிதம் எழுதும் அம்மாக்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பசித்தபோது சாப்பிடாமல், பசி செத்த பிறகு அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தால் எந்த வயிறு தாங்கும்?

யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது? மகன் சொல்லியிருக்க மாட்டான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற, கல்யாண வயதில் இருக்கிற ஒரு ஆண்பிள்ளைக்குச் சோற்றைச் சூடு பண்ணத் தெரியாதா? தெரியாது என்றால் அது அவன் குறை இல்லை, உங்கள் குறை. நாளைக்கு ஒரு பெண் அந்த வீட்டுக்கு வருவாள். மாமியார் பட்டினி கிடந்து காத்திருந்த வீட்டில் அவள் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க முடியுமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அவளும் காத்திருக்கத்தான் செய்வாள். கல்யாணத்துக்குள் சரியாக வேண்டியது உங்கள் வயிறு மட்டும் இல்லை சகோதரி, இந்தப் பழக்கமும்தான்.

குடும்பம் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அது ராத்திரி 11 மணிக்குத்தான் நடக்க வேண்டுமா? இரண்டாவது ஷிஃப்ட் என்றால் மதியம் வரை பையன் வீட்டில்தானே இருக்கிறான்? அவன் கிளம்புவதற்கு முன், மூன்று பேரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். அதுதான் உங்கள் வீட்டின் பெரிய சாப்பாடாக இருக்கட்டும். புளிக்குழம்பு, வறுவல், அப்பளம் எல்லாம் அந்த வேளையோடு முடியட்டும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோரும் அப்போது நல்லது. ராத்திரி கணவரோடு ஏழரைக்கே உட்காருங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சோறு, வேகவைத்த காய், எதுவானாலும் அரை வயிறு போதும். மகனுடையதை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் படுங்கள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைக்கட்டும்.

சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் கொஞ்சம் நடங்கள். புடவைக்குள் கட்டும் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறீர்களா என்று பாருங்கள், இடுப்பை இறுக்கினால் வயிறு மேலே அழுத்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள். இரண்டு தலையணை அடுக்குவது அதற்கு ஈடாகாது, அதில் கழுத்து மட்டும்தான் உயரும். இடது பக்கமாகப் படுப்பதும் உதவும்.

சரி, கேட்ட மருந்துக்கு வருகிறேன். சீரகத் தண்ணீரை விட வேண்டாம், சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பாகக் குடியுங்கள், உப்புசத்துக்கு இதம். ஓமமும் அப்படியே. இஞ்சி இரைப்பை காலியாவதைத் துரிதப்படுத்தும், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் பச்சைச் சாறாகக் குடித்தால் எரிச்சல் கூடலாம். துவையலில் ஒரு துண்டு, மோரில் ஒரு துண்டு போதும். வெந்நீரில் எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிப்பவரானால் அதையும். புதினா வாயுவுக்கு நல்லது என்பார்கள், ஆனால் அது நான் சொன்ன அந்தத் தசையைத் தளர்த்தும், உங்களுக்கு வேண்டாம். ஆப்பச் சோடாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் அந்த உப்பு கெடுதல், தினமும் குடிப்பது யாருக்குமே ஆகாது.

கேஸ் மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் பல, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். மாதக்கணக்கில் தொடர வேண்டுமா என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை, மெடிக்கல் கடைக்காரர் வேலை இல்லை. மூட்டுவலிக்கென்று வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பல வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கி ஆறு மாதமாகியும் நிற்காத செரிமானக் கோளாறை வீட்டு மருந்தோடு விடக் கூடாது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால் கஷாயத்தில் போகாது, பரிசோதித்து மருந்து எடுக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, வாந்தி நிற்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, கேஸ் என்று ஓமத்தைத் தேடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். போட்ட மாத்திரை அட்டைகளை எல்லாம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சர்க்கரை உள்ள கணவரை அலைய வைக்கவும் வேண்டாம். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், காலையில் அவன் வீட்டில்தானே இருக்கிறான். அம்மா ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று மருத்துவர் கேட்கும்போது பதிலை அவன் சொல்லட்டும்.