ரோட்டரி இன்ஜின் காரின் புகைக்குழாய் ஏன் அவ்வளவு சூடாகிறது?

பிஸ்டனுக்குப் பதிலாக, இடை சற்றுச் சிறுத்த நீள்வட்ட அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜினே ரோட்டரி இன்ஜின். மஸ்டாவின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார்களில் இருப்பது இதுதான்.

இதில் பெட்ரோல் எரியும் இடம் நீண்டு, தட்டையாகி, ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருப்பதால், தீ மூலைகளை எட்டுவதற்குள் புகை வெளியேறும் துளையான புகைவாய் திறந்துவிடுகிறது. அதை மெல்லத் திறக்க வால்வும் கிடையாது. ரோட்டர் கடந்ததும் சட்டென்று திறக்கும். எரியாத மிச்சம் குழாய்க்குள் எரிகிறது. விரட்டி ஓட்டினால் வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் விறகடுப்பில் காய்ந்த கொதும்பை (தென்னம்பாளையின் உறையை) திணித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பானைக்கு அடியில் எரிந்து தீராத தீ அடுப்பின் வாய் வழியே நாக்கை நீட்டும், அதன் எதிரே நிற்பவரின் முழங்கால்தான் காயும்.

1970களில் மஸ்டா இந்த மிச்சத்தைத் தெர்மல் ரியாக்டர் என்ற தடித்த இரும்புக் கலத்துக்குள் முழுமையாக எரித்துப் புகையைச் சுத்தம் செய்தது. பெட்ரோலைக் குடித்தாலும் கெட்டிக்கார யோசனை என்றே சொல்வேன். 2003இல் விற்பனைக்கு வந்த ஆர்எக்ஸ்-8இல் புகைவாயைப் பக்கச் சுவருக்கு மாற்றி, மிச்சத்தையே குறைத்தார்கள்.

புகைக்குழாய் சிவந்தாலே இன்ஜின் ஓவர்ஹீட் ஆகிவிட்டது எனப் பலர் பதறுகிறார்கள். இன்ஜினின் சூட்டைச் சொல்வது, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பமானியே தவிர, குழாயின் நிறமல்ல.