மார்பு, தசை, நிறம், உயரம்: பையன்களின் கேள்விகள்

அல்சூரிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 14 வயது. மார்பு லேசாகப் புடைத்திருக்கிறது. வகுப்பில் கேலி செய்கிறார்களாம். பி.டி. பீரியடுக்கே போவதில்லை, வெயிலிலும் ஜெர்கினைக் கழற்றுவதில்லை. ஆபரேஷன் செய்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம்மா. பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இப்படி வரும். ஹார்மோன் சமநிலை கொஞ்ச காலம் தடுமாறுவதுதான் காரணம். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். அவன் மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரத்திலும் வைத்து, காம்பை நோக்கி மெதுவாக நகர்த்திப் பார்க்கட்டும். அவனே செய்யட்டும், நீங்கள் தொட்டால் கூசிப்போவான். காம்புக்கு அடியில் ரப்பர் பதத்தில் வட்டமாகத் தட்டுப்பட்டால் சுரப்பித் திசு. கடைசிவரை மெத்தென்றே இருந்தால் கொழுப்பு. ஒரு பக்கம் மட்டும் கல் போல இறுகியிருந்தாலோ, காம்பில் கசிவோ விரையில் கட்டியோ இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். 17 வயதுக்கு மேலும் வற்றாவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

கேலி மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே சொல்லுங்கள். வீட்டிலும் மாமா, சித்தப்பா யாரும் விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

ஸ்ரீராமபுரம், 22 வயது: ஒரு வருஷமா ஜிம் போறேன். எல்லாரும் உடம்பு ஏறிடுச்சுங்கறாங்க, எனக்குப் பொடியாத்தான் தெரியுது. ஒரு சைக்கிள் ஊசி போட்டுக்கலாம்னு டிரெய்னர் சொல்றார்.

போடாதீங்க தம்பி. சைக்கிள் என்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியைச் சில வாரம் தொடர்ந்து போடுவது. அது வெளியிலிருந்து ஏறியதும், விரைகளை வேலை வாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், ரத்தம் கெட்டியாகும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். ஊசியை நிறுத்தினாலும் சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் தூக்கமும் ஆசையும் போய் மனசு இருண்டுவிடும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் அடுத்த சைக்கிளுக்குப் போகிறார்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஹார்மோன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, காலை 10 மணிக்கு முன் டெஸ்டோஸ்டிரோனும், கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ரத்த அணுக்கள், ஈரல், கொழுப்பு ஆகியவையும் பார்த்துவிடுங்கள்.

எடைப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ எடைக்கு 96 கிராம்: 4 முட்டையில் 24, வெந்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் சுமார் 45, சோயா உருண்டை 50 கிராமில் 26. தயிரும் பருப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் கேள்வியில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது 'எனக்குப் பொடியாத்தான் தெரியுது' என்பதுதான். தசை ஏறிய பிறகும் நோஞ்சானாகத் தெரிவதற்கு மஸில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே இருக்கிறது. சோற்றுக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்கிறீர்களா? தோள் வலியோடும் எடை தூக்குகிறீர்களா? தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே நினைப்பா? ஆமென்றால் ஊசியால் அது தீராது. எவ்வளவு ஏறினாலும் பற்றாது. ஒரு வாரம், கண்ணாடியிலோ செல்ஃபியிலோ உடம்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். அடுத்த வாரம் ஷேவ் செய்ய, உடுத்த என இரண்டு தடவையோடு நிறுத்துங்கள். முதல் சில நாள் தவிப்பு கூடும். பார்க்காமலே இருந்தால் தணியும். முடியவில்லையென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுக்கும் நல்ல பலன் உண்டு. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

முருகேஷ்பாளையா, 27 வயது: பெண் பார்க்கப் போகிறோம். மெடிக்கலில் கொடுத்த க்ரீமில் முகம் வெளுத்தது. இப்போது நிறுத்தினால் எரிகிறது.

டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. தோலை மெலிய வைத்து, சிவந்த ரத்தக்குழாய்க் கோடுகளும் பருவும் கொண்டுவரும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவாதீர்கள். படிப்படியாக விட தோல் டாக்டர் வழி சொல்வார். பைக்கில் போகிறவர் என்றால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும். கறுப்புக்கு மருந்து எதற்கு? அது நோயில்லை.

கே.ஜி.எஃப்., 19 வயது: உயரமாக பவுடர் வாங்கலாமா?

வேண்டாம். எலும்பின் நுனியில் நீளம் கூடும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எந்தப் பவுடரும் ஒரு சென்டிமீட்டர்கூட ஏற்றாது. மூடிவிட்டதா என்று மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரியும். உங்கள் வயதில் பெரும்பாலும் மூடியிருக்கும். உங்களுக்குத் தம்பி இருந்து, அவனுக்கு 14 வயது முடிந்தும் பருவ அறிகுறியே தெரியாவிட்டால் அவனைக் கட்டாயம் காட்டுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.