உருளைக்கிழங்கில் ஒரு மலை

கேள்வி: நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் மலை என்பது வெறும் பழுப்புத் திட்டாகவே தெரிகிறது. உயரத்தை எப்படிப் புரியவைப்பது?
– ஆசிரியை ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: சேர்வராயன் மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வரைபடத்திலிருந்து தொடங்குவானேன்? முதலில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, மலையின் விளிம்பை அவர்கள் கையாலேயே வரையச் சொல்லுங்கள். பிறகு ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கம் தாளில் படியும்படி வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். அடியிலிருந்து ஒரு வில்லையை நறுக்கி எடுத்துவிட்டு, மீதியை அதே கோட்டுக்குள் வைத்து மீண்டும் சுற்றி வரையுங்கள். இப்படிக் கோட்டுக்குள் கோடாக வருவனவே சம உயரக் கோடுகள். சரிவு செங்குத்தான பக்கத்தில் அவை நெருங்கி நிற்பதை, நீங்கள் சொல்லாமலே ஏதாவதொரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்த பிள்ளை (பாதி வழியில் வாந்தி எடுத்ததும் அதுவாகவே இருக்கும்) வகுப்பில் நிச்சயம் இருக்கும். எந்த வளைவில் குளிரத் தொடங்கியது என்று கேளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு இந்த வயதுக்கு வேண்டாம். மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றை மறுநாள் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.