பத்தாயிரம் முகவரி வாங்கலாமா? சிறு வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "ஆன்லைனில் என்னென்னவோ செய்கிறோம், ஆள் வரவில்லை." கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள்.

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கிறோம். பத்தாயிரம் மெயில் முகவரி 3,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒரு முகவரி 30 பைசாதானே, வாங்கலாமா?

வேண்டாம். அந்த 30 பைசா கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்.

பல வருடங்களுக்கு முன், உறவினரின் ரெடிமேட் கடைக்காக நானே இப்படி ஒரு லிஸ்ட் வாங்கினேன். எக்ஸெல் ஃபைல். மேலே பத்து வரியைப் பார்த்தால் அழகாக இருந்தது. கீழே போகப் போக ஒரே முகவரி மூன்று தடவை, மூடிப்போன கம்பெனிகள், எழுத்துப் பிழைகள். ஆடித் தள்ளுபடி மெயிலைத் தட்டிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் திரும்பி வந்தன. ஆர்டர் ஒன்றுகூட இல்லை. "என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மெயில் வசதி தந்த ஹோஸ்டிங்காரர்கள் எங்கள் மெயில் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக வாங்கும் ஒரு பள்ளிக்குப் போகவேண்டிய சீருடைக் கொட்டேஷனும் அதில் மாட்டிக்கொண்டது. ஆறு நாள் கழித்துக் கணக்கு திரும்பி வந்தபோது அந்த ஆர்டர் வேறு கடைக்குப் போயிருந்தது.

இப்போது நிலைமை இன்னும் கறார். மெயில் பெற்றவர்கள் 'ஸ்பாம்', அதாவது வேண்டாத மெயில் என்ற பொத்தானை அமுக்கும் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது ஜிமெயில். அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குப் பெட்ஷீட் மெயில் அனுப்பினால் மூன்று பேரா அமுக்குவார்கள்? அதோடு, ஒருவரின் முகவரியை எதற்காகப் பயன்படுத்துகிறோமோ அதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்பதுதான் 2023-ல் இந்தியாவில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. விற்பவர் அதையெல்லாம் சொல்லமாட்டார்.

கேட்காமல் அனுப்பும் பழக்கத்துக்கு வயது அதிகம். 1978 மே மாதம், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில், கேரி தர்க் என்ற விற்பனைக்காரர் தன் கம்பெனியின் கணினியைப் பற்றிச் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டினார். கடும் கண்டனம் வந்தது. வியாபாரமும் நடந்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நடந்திருக்கலாம், அன்றைக்கு அவருக்குப் போட்டியாக வேறு விளம்பர மெயில் கிடையாது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு லிஸ்ட் இருக்கிறது. பில் புக்கும் கூரியர் ரசீதுகளும். அந்த 3,000 ரூபாய்க்குச் சின்ன அட்டை அச்சடித்து ஒவ்வொரு பார்சலிலும் வையுங்கள்: "புது டிசைன் வந்தால் சொல்லட்டுமா? உங்கள் மெயில் முகவரியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்." மாதம் நாற்பது பேர் சேர்ந்தால் போதும். அந்த நாற்பது பேரும் உங்கள் போர்வையைப் போர்த்திப் பார்த்தவர்கள்.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே பொடி, ஊறுகாய் செய்கிறேன். என் வாடிக்கையாளர் யாரும் மெயில் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் போதாதா?

உள்ளூர் வியாபாரம் என்றால் போதும். மெயில்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கமாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "200 பேருக்கு அனுப்பினேன், 60 பேர்தான் பார்த்தார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் உங்களைச் சேமித்திருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். பார்சல் கொடுக்கும்போதே "என் நம்பரைப் பொடி மாமின்னு போட்டு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே சேமிப்பார்கள்.

அப்புறம், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் பதினைந்து இருபது பேரின் மெயில் முகவரியைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் அதிலிருக்கும் பேச்செல்லாம் கையைவிட்டுப் போகும். நோட்டு போகாது.

மதுரையில் சுங்குடிச் சேலை. வாடிக்கையாளர் கேட்டுத்தான் மெயில் அனுப்புகிறேன், ஆனாலும் ஸ்பாமுக்குப் போகிறது. ஜிமெயில் முகவரியிலிருந்தே, மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு சேவை வழியாக அனுப்புகிறேன்.

சிக்கல் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வெளிச் சேவை வழியாக அனுப்பினால், கூகுளின் கண்ணுக்கு அது வேறு யாரோ உங்கள் பெயரில் அனுப்புவது போலத் தெரியும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இந்த விதிகளை இறுக்கிவிட்டன.

முதலில் கடையின் பெயரில் ஒரு டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணையப் பெயர், வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம் ஆகும். பிறகு அதில் மூன்று பதிவுகளைச் சேர்க்கவேண்டும். பெயர்கள்தான் பயமுறுத்தும்: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயில்தான் அந்த வாட்ச்மேன், உங்கள் மெயில்தான் பார்சல். "எங்கள் கடைப் பார்சலை இந்த இரண்டு பேர்தான் கொண்டுவருவார்கள்" என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் சீட்டு எஸ்பிஎஃப். பார்சலின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை டிகேஐஎம். நடுவில் யாரும் பிரித்து மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. இரண்டில் ஒன்றுகூட உங்கள் பெயரோடு பொருந்தவில்லை என்றால் உள்ளே விடவா, ஓரமாக வைக்கவா, திருப்பி அனுப்பவா என்று வாட்ச்மேனுக்கு நீங்கள் சொல்லிவைப்பது டிமார்க்.

உங்கள் மெயில் சேவையின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பதிவுகள் அப்படியே எழுதிக் கிடக்கும். அவற்றை நகலெடுத்து டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டவேண்டும். அரை மணி நேர வேலை. கல்லூரி படிக்கும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் ஒரு ஐஸ்கிரீமில் முடியும். ஒட்டும்போது முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் விழாமல் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் தவறுகிறது.

ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். ஒரே சொடுக்கில் லிஸ்ட்டிலிருந்து விலகும் வசதியும் தரவேண்டும். நீங்கள் அனுப்புவது முந்நூறுதான். இருந்தாலும் விலகும் இணைப்பை ஒளிக்காதீர்கள். அது கண்ணில் படாவிட்டால் ஆள் ஸ்பாம் பொத்தானைத்தான் தேடுவார்.

உடன்குடி கருப்பட்டி விற்கிறோம். சீசன் இல்லாத மாதங்களில் என்ன எழுதுவது? எத்தனை நாளைக்கு ஒருமுறை அனுப்பலாம்?

மாதம் ஒன்று போதும். சொல்ல ஒன்றுமில்லாத மாதம் அனுப்பாதீர்கள். ஆனால் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நான் நம்பவில்லை. உங்கள் கேள்வியிலேயே "மழைக்காலத்தில் கசியுது என்று போன் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் ஐப்பசி மாத மெயில். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*தலைப்பு: மழை வருது, கருப்பட்டியை எடுத்து வையுங்க*

*வணக்கம். எங்ககிட்ட வாங்கின கருப்பட்டி லேசா கசியுதா? பயப்படாதீங்க, காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுக்குது. கவரை விட்டு எடுத்து, நல்லா காய்ஞ்ச எவர்சில்வர் டப்பாவுல போட்டு இறுக்கி மூடுங்க. ஈரக்கையால தொடவேண்டாம். அடுத்து கருப்பட்டி காய்ச்சுறது மாசியிலதான். அதுவரைக்கும் எங்க கையில இருக்கிறது 60 கிலோ. வேணும்னா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க.*

படம் வேண்டாம், கலர் பட்டை வேண்டாம். பதில் போட்டால் யாராவது படிக்கிற முகவரியிலிருந்து அனுப்புங்கள், அது முக்கியம். 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லா மெயிலிலும் எழுதுவதாகச் சொன்னீர்கள். ஒருமுறை எழுதினால் போதும். வாங்குகிறவருக்குத் தன் டப்பாவில் கசிவதுதான் கவலை.

திருப்பூர், குழந்தைகள் உடை. இன்ஸ்டாகிராமில் 5,000 ரூபாய் கட்டி, பதிவை விளம்பரமாக்கும் 'பூஸ்ட்' செய்தேன். 900 லைக், 2 ஆர்டர். எங்கே தப்பு?

ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 2,500 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒரு ஆர்டரில் உங்களுக்கு மிஞ்சுவது 180 என்கிறீர்கள். அவர் மொத்தம் பதினான்கு தடவை வாங்கினால்தான் போட்ட காசு வரும், அதற்குள் குழந்தை வளர்ந்துவிடும்.

பூஸ்ட் பொத்தானை அப்படியே அமுக்கினால், பெரும்பாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களிடம்தான் விளம்பரம் போகும். கேட்டது கிடைத்துவிட்டது. அடுத்த முறை விளம்பரம் கொடுக்கும்போது நோக்கம் என்ற இடத்தில் மெசேஜ் அல்லது விற்பனை என்பதைத் தேர்ந்தெடுங்கள். 500 ரூபாயில் சோதியுங்கள், மொத்தமாகக் கொட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். எல்லாப் படத்துக்கும் கீழே "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று இருக்கிறது. எதற்கு? கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தள்ளுகிற அம்மா இன்பாக்ஸுக்கு வரமாட்டார். விலையைப் போடுங்கள். அளவை "2-3 வயது" என்று மட்டும் விடாமல் நெஞ்சுச் சுற்றளவை இன்ச்சில் போடுங்கள். பல கடைகள் இதைச் செய்வதில்லை, ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தமிழில் அனுப்புவதா, ஆங்கிலத்திலா?

கடையில் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதில். மெயிலில் ஒரே கவனம், தலைப்பு சின்னதாக இருக்கட்டும். தமிழ் வார்த்தைகள் நீளம், போன் திரையில் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வெட்டுப்படும்.

எஸ்எம்எஸ் கதை வேறு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை, புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "வணக்கம்" நமக்கு ஐந்தெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. அதுவும் போக, வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். சின்னக் கடைக்கு இந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கட்சி.

என் மெயிலை 60 சதவீதம் பேர் திறப்பதாகக் காட்டுகிறது. ஆர்டர் மட்டும் வரவில்லை. (காரைக்குடி)

அந்த 60-ஐ நம்பாதீர்கள். 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஒரு தனியுரிமை வசதி, ஐபோனின் மெயில் செயலியில், ஆள் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. உங்கள் கணக்கில் அது 'திறந்தார்' என்று விழும். எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை பேர் மெயிலில் மட்டும் கொடுத்த தள்ளுபடிச் சொல்லைச் சொல்லி வாங்கினார்கள், இந்த இரண்டை மட்டும் எண்ணுங்கள்.

நாகர்கோவிலில் டூவீலர் ஒர்க்‌ஷாப். ஆன்லைனில் விற்க எனக்கு ஒன்றுமில்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?

மெயில் உங்களுக்கு வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் மட்டும் வேண்டும், முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான். இலவசம். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் போனில் "பக்கத்தில் மெக்கானிக்" என்றுதான் தேடுவார். அப்போது மேப்பில் நீங்கள் தெரியவேண்டும்.

கடை திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், ஞாயிறு விடுமுறை உட்பட. பூட்டிய கடைக்கு வண்டியைத் தள்ளிவந்தவர் ஒற்றை ஸ்டார் போடாமல் போகமாட்டார். படத்தில் முகப்பும், கடைக்கு எதிரே இருக்கும் அடையாளமும் தெரியட்டும். வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது ரிவ்யூ கேளுங்கள். அதற்குப் பதிலாகத் தள்ளுபடி கொடுக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. யாராவது திட்டி எழுதினால் சண்டைக்குப் போகாமல் இரண்டு வரியில் பதில் போடுங்கள்: "அன்னைக்கு பிரேக் ஒயர் கையில இல்ல, இப்ப வாங்கி வெச்சிருக்கேன், வாங்க."

"உங்கள் லிஸ்டிங் காலாவதியாகிறது, 4,999 கட்டுங்கள்" என்று போன் வரும். கூகுள் அப்படிக் காசு கேட்பதில்லை. கட் பண்ணிவிட்டு வண்டியைப் பாருங்கள்.