தை, மாசியில் கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டங்கள் ஏன் களையிழந்து போகின்றன?

கேட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை எல்லாம் மஞ்சளாகி நிற்கின்றன, பனிதான் காரணமா, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறார். நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். உங்களுக்கும் எங்களுக்கும் மழையும் ஒன்று, கடல்காற்றும் ஒன்று என்பதால் சொல்கிறேன்.

முதலில் உரத்தைக் கீழே வையுங்கள்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நம் கடற்கரையில் மார்கழி, தை இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் செம்பருத்தி சாகாது. கறிவேப்பிலை மட்டும் கொஞ்சம் சுணங்கும், வெயில் ஏறினால் தானாகத் துளிர்க்கும். மற்ற செடிகளின் வாட்டம் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கியது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மாதிரி மழையில் மண்ணுக்குள் காற்றே இருக்காது. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மூச்சுமுட்டி அழுகிவிடும். மண்ணில் இருந்த தழைச்சத்தும் அடித்துக்கொண்டு போய்விடும். மழை இருக்கும்வரை செடி பச்சையாகத்தான் நிற்கும், தையில் வெயில் காய ஆரம்பித்ததும் குட்டு வெளிப்படும். இலை தொங்கும், நாம் தண்ணீர் ஊற்றுவோம், மிச்ச வேரும் போகும். இந்த நிலையில் யூரியாவோ டி.ஏ.பி.யோ போடுவது காய்ச்சலில் படுத்தவனுக்குப் பிரியாணி போடுகிற கதைதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், இலை எவ்வளவு தொங்கினாலும் சரி. மழையில் இறுகிப்போன மேல்மண்ணை வேரில் படாமல் களைக்கொத்தால் லேசாகக் கிளறிவிடுங்கள். தொட்டி என்றால் அடி ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். புதுத் தளிர் வந்த பிறகு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு கைப்பிடி போடலாம். அதுவரை பொறுமை. நர்சரிக்காரர் பொறுமையை விற்பதில்லை, டப்பாவில் எதையாவது கொடுத்து அனுப்புவார்.

அப்புறம் தண்ணீரின் தரம். முத்தியால்பேட்டை மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. மழை முடிந்ததும் மறுபடி போர் தண்ணீருக்கு மாறுகிறோம். அது உவர்ப்பாக இருந்தால் இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி காயும். இலை முழுக்க மஞ்சளாவது வேறு, ஓரம் மட்டும் கருகுவது வேறு, உங்கள் செடியில் எது என்று பாருங்கள். உவர் நீரைத் தினமும் ஒரு சொம்பு தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அடியில் ஒழுகும் அளவுக்கு ஊற்றினால் உப்பு கொஞ்சமாவது கீழே இறங்கும். ஊற்றுவது காலையில் இருக்கட்டும். சாயங்காலம் இலை நனைந்து, அதன்மேல் இரவுப் பனியும் சேர்ந்தால் ரோஜாவில் கரும்புள்ளி நிச்சயம்.

பனியின் நிஜமான தொல்லை பூச்சியும் பூஞ்சணமும்தான். அவரையின் நுனியிலும் பூவிலும் கறுப்பாக அசுவினி மொய்க்கும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும், அசுவினி விடும் தேனுக்காகத்தான் ஏறுகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பும் மாவுப்பூச்சிக்கும் இதே வைத்தியம், முற்றிய கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

தென்னைக்குக் கீழே இருக்கும் செடிகளின் இலையில் கரி பூசிய மாதிரி படிந்தால் அது அந்தச் செடியின் நோய் இல்லை. தென்னையோலையின் அடியில் சுருள் வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு எங்கும் பரவியது. மழையில் அடங்கியிருந்துவிட்டு, வறட்சி தொடங்கும் இந்தச் சமயத்தில் பெருகும். அது விடும் பிசுபிசுப்பில்தான் கரும்பூசணம் வளர்கிறது. தயவுசெய்து இதற்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்கிற குட்டிக் குளவியும் அதில் செத்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்து இலையில் தெளித்தால், காய்ந்ததும் கரி ஏடு ஏடாக உரிந்துவிடும்.

புயலில் விழுந்த தென்னைமரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று கொல்லையிலேயே போட்டு வைத்திருந்தால் இப்போதாவது அப்புறப்படுத்துங்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அந்த மட்கிய மரத்திலும் எருக்குழியிலும்தான். விரிந்த ஓலையைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டின மாதிரி தெரிந்தால் வண்டு குருத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

நத்தைக்கு உப்புப் போடுவதை நிறுத்துங்கள், ஏற்கெனவே உவர் மண். ஈரச் சாக்கை விரித்து அதன் கீழே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால் காலையில் கூட்டமாகக் கிடைக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், சில நத்தைகளில் மனிதருக்கு ஆகாத புழு உண்டு. பெருச்சாளிக்கும் பக்கத்துத் தெரு ஆட்டுக்கும் என்னிடம் மருந்து இல்லை. வேலிதான்.

மல்லிகையை இப்போது வெட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி. மழையால் தள்ளிப்போயிருந்தால் தைக்குள் முடித்துவிடுங்கள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் போதும். முல்லைக்கு ஜனவரி கடைசிதான் சரியான நேரம். மாசி மகத்துக்குச் சாமிகள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் சமயத்தில் குண்டுமல்லியில் கத்தரியை வைத்தால் அந்த வருஷத்து முதல் பூவை நீங்களே வெட்டிப் போட்டதாக ஆகும்.

மாமரம் இருந்தால், பூ விரிந்த பிறகு மருந்து அடிக்க வேண்டாம், ஈயும் தேனீயும் வந்தால்தான் காய் பிடிக்கும். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மொட்டாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை தண்ணீரும் வேண்டாம். வானம் சும்மா இருந்தால்! 2021 பிப்ரவரியில் புதுச்சேரித் தெருக்கள் மூழ்கியது நினைவிருக்கும். அப்படி மாசியில் மழை கொட்டினால் மாம்பூவை நாம் ஒன்றும் செய்ய முடியாது, தொட்டிகளைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு, பாத்தியில் நிற்கும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.